முகக்கிரீமும் நீர்க்காகமும்

டிவியில் தன் முகத்தைப் பார்த்த அன்றுதான் சாம்பசிவனுக்கு வினை ஆரம்பித்தது. மலையாள தேசத்தில் விதுரா என்ற மலையடிவார ஊருக்குப் போகிற வழியில், தோடு என்று அங்கே சொல்கிற ஒரு சிற்றோடையின் தடுப்பணையில் நீர்க்காகங்கள் செத்து மிதப்பதாகவும் கரையில் ஒரு நீர்நாய் செத்துக் கிடப்பதாகவும் தகவல் வந்து, கல்லூரி விலங்கியல் பேராசிரியர் என்ற முறையில் அவர் போயிருந்தார். உள்ளூர் சேனல்காரர்கள் மைக்கை நீட்டினார்கள். பறவைகளின் நரம்பு மண்டலம் பற்றி அவர் பேசியதில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் மாலையில் நகரத்துக் கரமனை வீட்டில் மனைவி சீதாலக்ஷ்மியோடு உட்கார்ந்து பார்த்தபோது, நரம்பு மண்டலம் எதுவும் அவர் காதில் விழவில்லை. மைக் பிடித்த பெண் பளிச்சென்று தெரிந்தாள். அவளுக்குப் பின்னால், அடுப்பிலிருந்து இறக்கி வைத்த வெந்நீர்த் தவலை மாதிரி ஒன்று வாயசைத்துக்கொண்டிருந்தது.

"நன்னா பேசறேள்," என்றாள் சீதாலக்ஷ்மி.

"நான் இவ்வளவு கறுப்பா?"

"இல்லாம பின்னே? கல்யாணத்தன்னிக்கும் இதே கலர்தான்."

அவள் அதை அன்பாகத்தான் சொன்னாள். அவர்தான் அதை ஒரு மருத்துவ அறிக்கையாக எடுத்துக்கொண்டார்.

கிரீம் வாங்கினது தம்பானூரில், பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச் சந்தில், வெளிநாட்டு சோப்பும் சென்ட்டும் விற்கிற ஒரு பொந்துக் கடையில். தனக்கில்லை, மகளுக்கு என்று கடைக்காரனிடம் சொன்னார். மகள் விஷ்ணுப்ரியா பெங்களூரில் வேலையிலிருந்தாள். அவளுக்கு இந்த மாதிரிக் கவலைகள் கிடையாது. கடைக்காரன் ஒரு சின்ன வட்ட டப்பாவை எடுத்து வைத்தான். மூடியில் ஒரு பெண்ணின் முகம், பாதி கறுப்பு, பாதி வெளுப்பு. எங்கே செய்தது, என்னென்ன சேர்த்தது என்று எழுத்து ஒன்றுமில்லை. பிஸ்கட் வாங்கினால்கூட உறையைத் திருப்பி முட்டை கலந்திருக்கிறதா என்று படிக்கிற மனிதர், அன்று எதையும் திருப்பிப் பார்க்கவில்லை.

தோலின் கறுப்பு இயற்கை நமக்குக் கொடுத்த குடை என்று வருஷா வருஷம் முதலாண்டு மாணவர்களிடம் சொல்லிக் கைதட்டு வாங்குகிறவர் அவர். இப்போது தினமும் காலையில் குளியலறையைத் தாழிட்டுக்கொண்டு அந்தக் குடையை மடக்கிக்கொண்டிருந்தார்.

கிரீம் வேலை செய்தது. செய்யாமலிருந்தால் தூக்கிப் போட்டிருப்பார். ஒரு மாதத்துக்குள் கன்னத்தில் வெளிச்சம் வந்தது, நெற்றியில் வந்தது. சீதாலக்ஷ்மிக்குத்தான் பயம் வந்தது. "மூஞ்சி ஏன்னா இப்படி வெளிறிக் கெடக்கு? ரத்தம் இல்லையோ?" என்று பீட்ரூட்டைப் பொரியலாகவும் பச்சடியாகவும் கூட்டாகவும் போட்டாள். அவர் எல்லாவற்றையும் சாப்பிட்டார். உண்மையைச் சொல்வதைவிட பீட்ரூட் சுலபமாக இருந்தது.

இதற்கிடையே தோட்டு ஆய்வு வேலையும் நடந்துகொண்டிருந்தது. தடுப்பணைக்கு மேலே, ரப்பர் மரங்களுக்கு நடுவே, பழைய டியூப் லைட்டுகளை உடைத்துக் கண்ணாடியையும் தகரத்தையும் பிரித்தெடுக்கிற ஒரு கம்பெனி இருந்தது. டியூப் லைட்டுக்குள் துளியூண்டு பாதரசம் உண்டு. கண்ணாடி கழுவின தண்ணீர் குழியில் தேங்கி, மழைக்காலத்தில் வழிந்து தோட்டில் கலக்கிறது என்று பஞ்சாயத்து மெம்பர் எலிசாள் போகிற இடமெல்லாம் சத்தம் போட்டுக்கொண்டிருந்தாள். கம்பெனிக்காரர்கள் தோட்டுத் தண்ணீரைச் சோதித்து, ஒன்றுமில்லை என்று சான்று காட்டினார்கள்.

சான்றில் பொய்யில்லை. தண்ணீரில் பாதரசம் அதிகம் அகப்படாது. சேற்றில் படிந்து அங்கேயே உருமாறும். சேற்றுப் பூச்சிக்குள் போகும். பூச்சியிலிருந்து பொடிமீனுக்கு, பொடிமீனிலிருந்து பெரிய மீனுக்கு, அங்கிருந்து நீர்க்காகத்துக்கும் நீர்நாய்க்கும். போன உடம்பை விட்டு லேசில் வெளியேறாததால் ஒவ்வொரு வாயிலும் கூடிக்கொண்டே வரும். ஆகவே தண்ணீரைப் பார்க்காதீர்கள், இறகைப் பாருங்கள், ரோமத்தைப் பாருங்கள் என்றார் சாம்பசிவன். அருமையான யோசனை. யோசனைகளில் அவர் எப்போதும் கெட்டிதான்.

வனத்துறை அனுமதியோடு அவரே போய்ச் செத்த பறவைகளின் இறகுகளையும் நீர்நாயின் ரோமத்தையும் எடுத்து வந்தார். கையுறை போடவில்லை. மாணவர்களுக்குத்தான் கையுறை; தன்னைப் போன்ற பழம் தின்று கொட்டை போட்டவனுக்கு எதற்கு என்று ஒரு எண்ணம். வெயிலில் முகத்தைத் துடைத்துத் துடைத்து, அந்தக் கையாலேயே ஒவ்வொரு இறகாகப் பிரித்துக் கவரில் போட்டார்.

சோதித்தது சிஜி. தமிழ் எல்லையோரத்துப் பாறசாலைப் பக்கத்துப் பெண், நகரத்தில் ஒரு ஆய்வகத்தில் ஒப்பந்த வேதியியலாளர். வீட்டில் தமிழ், வேலையில் மலையாளம், கோபம் வந்தால் இரண்டும். ஒப்பிட்டுப் பார்க்க மீனே தின்னாத ஒரு உடம்பின் முடி வேண்டும் என்று அவள் சொன்னபோது, சாம்பசிவன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். "எங்காத்துல மீன் வாசனை வந்தா ஜன்னலைச் சாத்தற பரம்பரை," என்று நெற்றியோரத்திலிருந்து ஒரு கற்றையை வெட்டிக் கொடுத்தார்.

முதல் எண்கள் வந்தபோது சிஜி போனில் சொன்னாள்: "பயங்கரமா இருக்கு சாரே. ஆனா இது முதல் ரவுண்டுதான், கேட்டோ. கழுவிட்டு மறுபடி பாக்கணும். அதுவரைக்கும் வெளியில சொல்ல வேண்டாம்."

"அதே, அதே," என்று மலையாளத்திலேயே ஆமாம் போட்டார் சாம்பசிவன். போனை வைத்த கையோடு சேனல்காரப் பெண்ணைக் கூப்பிட்டார்.

அடுத்த வாரம் முழுக்க அவர் பாதரசப் பேராசிரியர். பத்திரிகைகளில் படம். மூன்றாம் தெருவுக்குக் கல்யாணமாகி வந்த நாட்டுப்பெண்கள்வரை அவரை அடையாளம் கண்டார்கள். இந்த முறை டிவியில் தவலை இல்லை. ஓரளவு வெளிச்சமான ஒரு அறிஞர் பேசினார். தோட்டின் துயரத்தைச் சொல்லும்போது முகத்தை எந்தப் பக்கம் திருப்பினால் நன்றாக இருக்கும் என்பதுகூட அவருக்குப் பிடிபட்டிருந்தது. டியூப் லைட் கம்பெனி மேல் விசாரணை வைக்க சப் கலெக்டர் தேதி குறித்தார்.

அப்போதுதான் சிஜி ஆய்வகத்துக்குக் கூப்பிட்டனுப்பினாள்.

"ஒரு குழப்பம் இருக்கு, சாரே," என்றாள். "இறகைக் கழுவிப் பாத்தா, பாதிக்கு மேல பாதரசம் போயிட்டு. மீன் வழியா உடம்புக்குள்ள போய் இறகுல வந்ததுன்னா கழுவினா போகாது. அப்போ வெளியிலருந்து எதோ ஒட்டியிருக்கு."

"தண்ணியிலேர்ந்து?"

"தண்ணியில்ல. எல்லாத்தையும்விடக் கூடுதல் எது தெரியுமா? உங்க முடி."

சாம்பசிவன் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

"ஒளிச்சு வச்சு மீன் தின்னுவீங்களா? தின்னா தப்பில்ல, சொல்லுங்க."

"என்ன பேசறே நீ?"

"தெர்மாமீட்டர் உடைச்சீங்களா? பஸ்பம் லேகியம்னு ஏதாவது சாப்பிடுறீங்களா? முகத்துக்கு என்ன போடுவீங்க?"

"தேங்காயெண்ணெய்," என்றார். அந்த ஒரு சொல் வாயிலிருந்து எவ்வளவு சரளமாக வந்தது என்பதை நினைத்து அவரே பிறகு ஆச்சரியப்பட்டார்.

மறுநாள் டப்பாவை ஒரு காகிதத்தில் சுற்றி எடுத்துப் போனார். ஒரு நண்பருடையது, அவருக்குச் சந்தேகம், சும்மா பார்த்துச் சொன்னால் தேவலை என்றார். சிஜி துப்பாக்கி மாதிரியிருந்த ஒரு கருவியை டப்பாவின் வாயில் வைத்து அழுத்தினாள். திரையைப் பார்த்தாள். கருவி கெட்டுவிட்டதோ என்று தட்டினாள். மறுபடி அழுத்தினாள்.

"இதுல கிரீம்ல பாதரசம் இல்ல, சாரே. பாதரசத்துல கொஞ்சம் கிரீம் இருக்கு," என்றாள். பிறகு அவர் முகத்தை, கன்னத்திலிருந்து கழுத்துவரை, ஒரு சாம்பிளைப் பார்ப்பதுபோல நிதானமாகப் பார்த்தாள். "இந்த நண்பரு எப்பிடி இருப்பாரு?"

"முன்னே நல்ல கறுப்பு. இப்போ கொஞ்சம் பரவாயில்லை."

"அவர்கிட்ட சொல்லுங்க, இன்னிக்கே கிட்னி டாக்டரைப் பாக்கணும்னு. அப்புறம் என் ரிசல்ட்டை நாசமாக்கினதுக்கு என்னை வந்து பாக்கணும்னும் சொல்லுங்க."

டாக்டரைப் பார்த்தார். சிறுநீரில் புரதம் இறங்குகிறது, கிரீமை இன்றோடு நிறுத்தினால் தேறலாம் என்றார்கள். அவர்கள் கொடுத்ததை வீட்டில் பிபி மாத்திரை என்று சொல்லி வைத்தார். சீதாலக்ஷ்மி பீட்ரூட் போதாதென்று உப்பையும் குறைத்தாள்.

இனி தோட்டுக்கு என்ன வழி? கம்பெனி நிரபராதியோ என்ற சந்தேகமே அவரை அரித்தது. தான் தேய்த்துக்கொண்டதைத்தான் ஊரெல்லாம் கண்டுபிடித்துச் சொன்னோமா? ஒரு வகையில் அவர் உண்மையான கண்டுபிடிப்பாளர்தான். மாசு எங்கே என்று தேடிப் போய், தானே அதைக் கொண்டு வைத்து, தானே எடுத்து வந்திருக்கிறார்.

மறுபடி சாம்பிள் எடுக்க சிஜியே கூட வந்தாள். ஜீப்பில் ஏறுமுன் அவர் முகத்தையும் கையையும் முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவ வைத்து, கையுறை மாட்டிவிட்டு, "இனி எதையும் தொடாதீங்க. நான் எடுக்கேன், நீங்க எது எதுன்னு பேரு மட்டும் சொல்லுங்க," என்றாள். கம்பெனிக் குழிக்கு மேலேயும் கீழேயும் மீன் பிடிக்க எலிசாள் ஆள் ஏற்பாடு செய்திருந்தாள். தொட அனுமதியில்லாத விஞ்ஞானி அணையோரம் ஒரு பாறையில் போய் உட்கார்ந்தார்.

அங்கே ஒரு நீர்க்காகம் இருந்தது. தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்த பட்ட கிளையில், இறக்கையை விரித்துக் காயப் போட்டிருந்தது. விரித்த இறக்கை லேசாக நடுங்கியது. காற்று இல்லை. சற்று நேரத்தில் தண்ணீருக்குள் பாய்ந்தது. வெறும் அலகோடு மேலே வந்தது. மறுபடி முங்கியது. அவருக்குத் தெரிந்த நீர்க்காகம் முங்கினால் மீனோடுதான் வரும், அவ்வளவு குறி. இதுவோ மீன் இருந்த இடத்துக்குப் பக்கத்தில், ஒவ்வொரு தடவையும் பக்கத்தில், கொத்திக்கொண்டிருந்தது. பிறகு கிளையில் ஏறப் பார்த்தது. கால் வழுக்கி விழுந்தது. விழுந்ததும் சுற்றும்முற்றும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, அங்கேயே ஒரு கல்லில் ஏறி, முதலிலிருந்தே அங்கேதான் உட்கார நினைத்தது மாதிரி உட்கார்ந்துகொண்டது.

நரம்பு மண்டலம் பற்றி மைக்கில் அவர் சொன்ன வாக்கியங்கள் எல்லாம் ஞாபகம் வந்தன. எல்லாம் சரியான வாக்கியங்கள். அவற்றைச் சொல்லும்போது, இடது பக்கமா வலது பக்கமா என்று தாடையைத் திருப்பிக்கொண்டிருந்ததும் ஞாபகம் வந்தது.

எலிசாள் வந்து பக்கத்தில் நின்றாள். "இந்த வருஷம் நீர்நாய்க்குக் குட்டியே காணல, சாரே. போன வருஷம் இந்தப் பாறையில கெடந்து உருளும். நீங்க பேப்பர்ல சொன்னதுக்கு அப்புறந்தான் கேசு எடுத்தாவ. விசாரணையில நல்லாப் பேசணும், கேட்டீங்களா?"

"பேசறேன்," என்றார். என்ன பேசுவதென்று தெரியாமல்தான் சொன்னார்.

புது எண்கள் வந்தன. பத்திரிகையில் போட்டதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் குழிக்கு மேலே பிடித்த மீனில் பெயருக்குத்தான் இருந்தது. கீழே பிடித்ததில் பல மடங்கு. கரையில் சிஜி புதிதாகப் பொறுக்கிக் கழுவிய இறகிலும் நீர்நாய் ரோமத்திலும் அதைவிடக் கூடுதல். கம்பெனி குற்றவாளிதான். சாம்பசிவனுக்கு வந்த நிம்மதியைப் பார்த்துச் சிஜிக்கே பொறுக்கவில்லை.

"பறவைக்கு விஷம்னு தெரிஞ்சு இப்பிடிச் சந்தோஷப்படற ஆளை நான் பாத்ததில்ல," என்றாள். "சரி, ரெண்டு நம்பருக்கும் ஏன் வித்தியாசம்னு கேப்பாங்களே. என்ன சொல்லப் போறீங்க?"

"தகுந்த வார்த்தையில விளக்கறேன்."

விசாரணை நடந்தது விதுராவில், பஞ்சாயத்து ஹாலில். சப் கலெக்டர் ஓர் இளம்பெண். ஊர்ப் பெண்கள் முன்வரிசையில், எலிசாள் அவர்களுக்கு நடுவில். சேனல்காரர்களும் இருந்தார்கள். கம்பெனி சார்பில் தங்கப்பன் என்ற மேனேஜர் வந்திருந்தார்; நாகர்கோவில்காரர், மெல்லிய குரல், மரியாதையில் குறை வைக்காதவர்.

"சார் மேல எனக்கு மதிப்பு உண்டு," என்று அவர் ஆரம்பித்தார். "முதல்ல ஒரு கணக்கு பேப்பர்ல வந்துது. இன்னிக்கு அதுல மூணுல ஒண்ணு. ரெண்டும் சாரோட கணக்குதான். அடுத்த மாசம் பாத்தா ஒண்ணுமே இல்லன்னு ஆயிரும்லா? நான் யாரையும் குத்தம் சொல்லல. லேபுல ஏதோ கைப்பிழை வந்திருக்கும். அப்படித்தானே சார்?"

ஹால் சாம்பசிவனைப் பார்த்தது. ஆமாம் என்று தலையை ஒருமுறை ஆட்டினால் போதும். கைப்பிழை என்பது எவ்வளவு அழகான சொல். யாருடைய கை என்று அதில் இருக்காது. சிஜி தன் காகிதங்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவர் பக்கம் திரும்பவே இல்லை. அவள் திரும்பி முறைத்திருந்தால் அவருக்கு எவ்வளவோ வசதியாக இருந்திருக்கும்.

சாம்பசிவன் எழுந்தார். தகுந்த வார்த்தைகள் தயாராக இருந்தன.

"ஆய்வகத்தில் பிழை இல்லை," என்றார். "முதல் மாதிரிகளைச் சேகரித்தவர் பயன்படுத்திய, சரும நிறமியைக் குறைக்கும் தன்மையுடைய ஒரு மேற்பூச்சின் காரணமாக, புறமாசு ஏற்பட்டிருக்கிறது."

யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. சப் கலெக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

"யாரு சேகரிச்சது?"

"நான்தான்."

"மேற்பூச்சுன்னா?"

"ஒரு... கிரீம்."

எலிசாள்தான் முன்வரிசையிலிருந்து கேட்டாள், கெட்ட எண்ணமில்லாமல், தெரிந்துகொள்ளும் ஆவலில்: "வெளுக்கறதுக்கா, சாரே?"

"ஆமாம்," என்றார் சாம்பசிவன். "வெளுக்கறதுக்கு."

ஹாலில் எழுந்த சிரிப்பு, அடங்கும் என்று அவர் நினைத்த இடத்திலெல்லாம் அடங்காமல் போயிற்று. கேமராக்காரன் சிரித்ததில் கேமரா ஆடியது. தங்கப்பன்கூட, பாவம், கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார். சாம்பசிவன் நின்றுகொண்டே இருந்தார். காது சூடாகியிருந்தது. உட்கார்ந்தால் மறுபடி எழுந்திருக்க முடியாது என்று அவருக்குத் தெரியும். சிரிப்பு கொஞ்சம் குறைந்தபோது பையிலிருந்து டப்பாவை எடுத்து மேசையில் வைத்தார்.

"டிவியில என்னைப் பாத்து எனக்கே பிடிக்கலை. அதுக்காக இதைத் தேய்ச்சுண்டேன். இதுல நிறையப் பாதரசம் இருக்கு. இது என் கையில ஒட்டி, இறகுல ஒட்டி, பேப்பர்ல வந்துது. சிஜி மேடம் வெளியில சொல்லாதேன்னாங்க. நான்தான் சொன்னேன், அதுவும் டிவியில வரணும்னு ஆசைப்பட்டுத்தான். அந்தக் கணக்கை விட்டுடுங்கோ. ரெண்டாவது தடவை என்னை எதையும் தொடவே விடலை. அந்தக் கணக்கு சரி. குழிக்கு மேல மீன்ல இல்லை, கீழ இருக்கு. எங்கிட்ட கிரீம் இருக்கு. அந்த மீனும் நீர்க்காகமும் எந்தக் கடையிலும் கிரீம் வாங்கலை."

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. தங்கப்பன் எதையோ சொல்ல வாயெடுத்து, சிஜியின் காகிதங்களைக் கேட்டு வாங்கிப் படிக்க ஆரம்பித்தார். படித்துக்கொண்டே இருந்தார். "இப்போதைக்குக் கம்பெனிக்கு மறுப்பு சொல்ல ஒண்ணுமில்ல, மேடம்," என்றார் கடைசியில், இன்னும் மெல்லிய குரலில்.

கழிவுநீர்க் குழியை மூடும்வரை கம்பெனி இயங்கக் கூடாது, தோட்டில் மீன்பிடிக்கத் தடை என்று சப் கலெக்டர் உத்தரவு போட்டார். ஹாலைவிட்டு வெளியே வந்தபோது ஒரு பெண் எலிசாளின் முதுகுக்குப் பின்னாலிருந்து தயங்கித் தயங்கி வந்து, பர்ஸிலிருந்து ஒரு டப்பாவை எடுத்துச் சிஜியிடம் நீட்டினாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. அவளுக்கும் பின்னால், கம்பெனி ஜீப்பின் டிரைவர்.

சீதாலக்ஷ்மி விஷயத்தை டிவியில்தான் தெரிந்துகொண்டாள். அவர் வீட்டுக்குள் நுழைந்தபோது அவள் டிவியை அணைத்தாள். தட்டு வைத்தாள், பரிமாறினாள், எதிரே உட்கார்ந்தாள்.

"யாருக்காகன்னா வெளுக்கணும்னு தோணித்து?"

"யாருக்காகவும் இல்லை. எனக்கே."

"நான் தினம் பாக்கற மூஞ்சி. எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்." அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "கிட்னி போயிருந்தா?"

அவருக்கு இந்த முறை தகுந்த வார்த்தை எதுவும் கிடைக்கவில்லை. குனிந்து சாப்பிட்டார். அவள் இன்னும் கொஞ்சம் சாதம் போட்டாள்.

மழை முடிந்த பிறகு ஒரு காலையில் சாம்பசிவன் மறுபடி தோட்டுக்குப் போனார். பழைய நிறம் முழுசாகத் திரும்பியிருந்தது. டாக்டரும் தேவலை என்றிருந்தார். கம்பெனி குழியை மூடியிருந்தது. ஆனால் சேற்றில் இறங்கினது இறங்கினதுதான். அது போக வருஷங்கள் ஆகும். நீர்க்காகங்கள் கொஞ்சம் இருந்தன. நீர்நாய் வந்த தடம் இல்லை.

எலிசாள் வைத்த மீன்பிடித் தடைப் பலகைக்கு நேர் கீழேயே ஒருவர் தூண்டில் போட்டு உட்கார்ந்திருந்தார். வாளியில் இரண்டு மீன் துள்ளியது. சாம்பசிவன் தொண்டையைச் செருமிக்கொண்டு பக்கத்தில் போனார். சேறு, பூச்சி, பொடிமீன் என்று எங்கிருந்து ஆரம்பிப்பது என்று யோசிப்பதற்குள் அந்த ஆள் நிமிர்ந்து பார்த்து, முகம் மலர்ந்து, "கிரீம் சாரல்லே?" என்றார்.

"அதே," என்றார் சாம்பசிவன்.

"இரிங்க, இரிங்க." அந்த ஆள் நகர்ந்து கல்லில் இடம் கொடுத்தார். "வீட்டுக்காரியும் போட்டுட்டிருந்தா. உங்களை டிவியில பாத்த அன்னிக்கே தூக்கிக் கெணத்துப் பக்கம் எறிஞ்சா."

"கிணத்துப் பக்கமா?" சாம்பசிவன் திடுக்கிட்டு எழுந்தார். "கிணத்துக்குள்ளயா, வெளியிலயா? எங்க இருக்கு உங்க வீடு?"

அந்த ஆள் தூண்டிலைச் சுருட்டினார். வாளியைத் தோட்டிலேயே கவிழ்த்துவிட்டு முன்னால் நடக்க, பேராசிரியர் பையிலிருந்து கையுறையை எடுத்து மாட்டிக்கொண்டே பின்னால் போனார்.